குறுக்கே ஒரு வாளி

“சவர்க்காரத் தண்ணி ஊத்திக் கழுவினால், ஒரு வாளியைக் குறுக்க வைக்கக்கூடாதோ?”

முரசுமோட்டை இராசமலர் அக்கா இரண்டு வருடமாக இதைச் சொல்லாத ஆள் இல்லை. பஸ் கொண்டக்டரிடம் சொன்னார், பூசகரிடம் சொன்னார், சுகம் விசாரித்த கனடாக்காரரிடமும் சொன்னார். மூக்கைச் சுருக்கி, ‘கூடாதோ’வை நீட்டி பக்கத்து வீட்டில் இருக்கும் நான் சொல்லிக் காட்டினால், “டேய், நான் இன்னும் வாயே திறக்கேல்லையடா!” என்பார்.

வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் முடிந்து திரும்பிய காலை, கிளிநொச்சியில் நிரஞ்சனின் சாப்பாட்டுக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனவர், கழுவிய மாபிள் தரையில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. வயல் வரம்பில் ஓடித் திரிந்த மனிசி தடி ஊன்றத் தொடங்கினார். நட்டஈடு கேட்கும்போதெல்லாம் நிரஞ்சனின் குரலில் தேன் வடியும்: “பொறுங்கோ அக்கா, பொங்கல் முடியட்டும், இருந்து கதைப்பம்.”

அக்கா பொறுத்தார். இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எண்ணியது பொங்கலை வைத்து. “ரெண்டாவது பொங்கலுக்கு இன்னும் பன்ரண்டு நாள் கிடக்கு!”

இப்படிச் சொன்ன அன்றே, கிளினிக்குக்குப் போகும் வழியில், ஆட்டோக்காரக் கோகுலன் அவரை வற்புறுத்திச் சட்டத்தரணி சிவதர்சினியிடம் இறக்கினான். சிவதர்சினி கிளினிக் கொப்பியைப் புரட்டினார், நிமிர்ந்தார்.

“அக்கா, நீங்கள் விழுந்தது மே இருபத்தொண்டு. அந்தமுறை பொங்கல் முந்தி வந்தது, இந்தமுறை யூனில வருது. கோட்டில நீதிபதி திகதியைத்தான் பாப்பார். இண்டைக்கு இருபது, இண்டையோட ரெண்டு வருசம் முடியுது!”

“ஐயோ பிள்ளை, அப்ப என்ர வழக்கு?”

“இண்டைக்குப் போட்டால் இருக்கு.”

பிறகு பறந்தார்கள். பாதி தட்டச்சில் கரண்ட் போனது. மிச்சத்தைச் சிவதர்சினி கையால் எழுதினார். ஆட்டோ குலுங்கக் குலுங்க அக்கா கையெழுத்து வைத்தார்; ‘இராசமலர்’ மூன்று வரிக்கு ஏறி இறங்கியது. நீதிமன்றப் பதிவாளர் கந்தோரின் கதவு பாதி சாத்தியிருந்தது. அக்கா அதற்குள் தடியை நுழைத்தார்.

“தம்பி, பூட்டினால் தடி முறியும்!”

உள்ளே இருந்தவர் சிரித்துவிட்டார். கடதாசிகளை வாங்கிப் பார்த்தார். டொக்! முத்திரை விழுந்தது. திகதி இருபது. கோகுலன் வாசலில் நின்று விசிலடித்தான்.

திரும்பி வரும் வழியிலேயே போன் அடித்தது. நிரஞ்சன். இப்போது தேன் இல்லை.

“என்னக்கா, கோட்டுக்குப் போட்டியளாம்? பொங்கல் முடியக் கதைப்பம் எண்டனானெல்லோ?”

அக்கா போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

“பொங்கலுக்கு வாங்கோ தம்பி, வயிறு நிறையப் பொங்கின புக்கை தாறன், மற்றக் கதையைக் கோட்டில கதைப்பம். வரேக்க பயப்பிடாதேங்கோ, எங்கட வாசலைக் கழுவினால் நான் குறுக்க ஒரு வாளி வைப்பன்!”