பத்தரைக்குள் ஏற்ற வேண்டிய அடுப்பு

மேற்குத் தாம்பரத்தில் கேஸ் ஏஜென்சி மெக்கானிக்காக இருந்த ஜெபராஜுக்குத் தன் மூக்கின் மேல் அபார நம்பிக்கை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே கேஸ் கசிகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். டி.வி.எஸ். ஐம்பதில் தொங்கும் பையில் ஸ்பேனர், நாலைந்து வாஷர், கசிவு பார்க்கச் சோப்பு நுரை தடவ ஒரு ஷேவிங் பிரஷ். பத்து வருடத்தில் தான் மாட்டிக்கொடுத்த எந்த அடுப்பும் யாரையும் பயமுறுத்தியதில்லை என்று அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். அடக்கம் அவருக்கு ஒத்துவராத குணம்.

அந்த மூக்கும் உடைபட ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எண்பத்தேழாம் வருடம், பெருங்களத்தூரில் கங்கையம்மாள் வீடு. நிலத்தை மனை போட்டு விற்று மாடி கட்டியவர்கள். ஆனாலும் சமையல் விறகில்தான். மருமகள் முனியம்மா ஏஜென்சியில் பெயர் பதிந்துவிட்டு ஐந்து வருடம் காத்திருந்தாள். புகையில் அவள் கண் எப்போதும் சிவந்தே கிடக்கும். மாமியாருக்கோ சிலிண்டர் வெடித்துவிடும் என்று பயம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார்: வெள்ளிக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால் அடுப்பு ஏற்ற வேண்டும். தவறினால் சிலிண்டர் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும்.

ஜெபராஜ் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. சிலிண்டருக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் கதம்பம் சுற்றியிருந்தார்கள்.

"சீக்கிரம் மாட்டுப்பா. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்" என்று கங்கையம்மாள் பின்னாலேயே நின்று நச்சரித்துவிட்டுப் பூஜை அறைப் பக்கம் போனார்.

அந்த அவசரத்தில், மூடியைக் கழற்றியதும் உள்ளே ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா என்று ஜெபராஜ் பார்க்கவில்லை. ரெகுலேட்டரை மாட்டித் திருப்பினார். உஸ்ஸென்ற சத்தமும் வாடையும் சேர்ந்து வந்தன. சட்டென்று அடைத்து, கழற்றி, மூடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், கூடத்தில் கங்கையம்மாள் வந்துகொண்டிருக்கிறார். கையில் கொழுந்துவிட்டு எரியும் கற்பூரத் தட்டு. சிலிண்டருக்கு ஆரத்தி.

கசிந்த கேஸ் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தால் அபசகுனம் என்று வீடே அலறும். விளக்கம் சொல்ல நேரமில்லை. "குடுங்கம்மா, நான் காட்டுறேன்" என்று பாய்ந்து தட்டை வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர், தெருமுனைப் பிள்ளையார் முன்னால் மூச்சு வாங்க நின்று தட்டை மூன்று சுற்று சுற்றினார். கற்பூரம் எரிந்து தீரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

திரும்பி வந்து ஜன்னல்களையெல்லாம் திறக்கச் சொன்னார். வாஷர் பிய்ந்திருந்தது. புதிதாக ஒன்றைப் போட்டு, வாடை முழுதும் போகட்டும் என்று காத்திருந்தார்.

"இன்னாப்பா நடந்துச்சு? அது இன்னா நாத்தம்?" என்றார் கங்கையம்மாள்.

புது சிலிண்டர் என்றால் அப்படித்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஜெபராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"என் தப்பும்மா. வாஷர் பாக்காம மாட்டிட்டேன், கேஸ் லீக் ஆயிடுச்சு. கேஸுக்குன்னு தனியா வாடை கிடையாது. நமக்குத் தெரியணும்னுதான் இந்த நாத்தத்தைக் கலக்குறாங்க. இப்ப சரி பண்ணிட்டேன். என்னை நம்ப வேணாம், நீங்களே பாருங்க."

ரெகுலேட்டரை மாட்டித் திறந்துவிட்டு, நுரை தோய்த்த பிரஷை அவர் கையில் கொடுத்தார். கங்கையம்மாள் சுற்றிலும் தடவினார். ஒரு குமிழ்கூடக் கிளம்பவில்லை. நம்பாமல் இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

"பத்தே முக்கால் ஆயிடுச்சு அத்த" என்றாள் முனியம்மா. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கங்கையம்மாள் ஜெபராஜைப் பார்த்தார். "கற்பூரத்த எங்க காட்டின?"

"தெருமுனைப் பிள்ளையாருக்கு."

"அப்போ மணி இன்னா?"

"பத்து இருபதும்மா. வாட்ச் பாத்தேன்."

"அவருக்குக் காட்டிட்டா ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அப்பால ராகு வந்து இன்னா பண்ணுவான்?" பிரஷை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. "இது என்கிட்டயே இர்க்கட்டும். முனியம்மா, அடுப்புல பால வையி."