கம்பத்தை இடமாகச் சுற்றினோம்

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் கோ-கோ டீமில் நானும் ஒருத்தி. இதைச் சொல்லும்போது இந்த வயதிலும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் வேலூரில் மாவட்டப் போட்டி. ஜெயித்தால் மெட்ராஸ்! எங்களில் ஒருத்திகூட அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எனக்கு மட்டும் கூடவே ஒரு கண்டமும் இருந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பயிர் வைத்திருந்த அப்பா, பஸ் ஏற்றிவிடும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஜெயிச்சா மெட்ராசுக்கு அனுப்புறேன். தோத்துட்டு வந்தியானா இந்த ஓட்டம் ஆட்டம் எல்லாம் இத்தோட சரி."

வழியெல்லாம் பாட்டும் கும்மாளமும்தான். கட்டிக்கொண்டு போன புளிச்சோறு போளூர் தாண்டுவதற்குள் காலி. டிரில் டீச்சரும் எங்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டு வந்தார்.

ஆட்டம் தொடங்கியதும் சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. கோ-கோவில் இரண்டு முனையிலும் கம்பம் நட்டிருப்பார்கள். துரத்துகிறவளிடம் சிக்காமல் அந்தக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றித் தப்பிப்பதில் நாங்கள் கெட்டிக்காரிகள் என்று நினைத்திருந்தோம். அன்றைக்கோ, கம்பத்துக்குப் பக்கத்தில் போனாலே அவுட்! நாங்கள் எந்தப் பக்கம் திரும்புவோம் என்று தெரிந்து வைத்திருந்ததுபோல, வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி எதிரே எழுந்து வந்து தொட்டுவிடுவாள்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனேன். எதிர் டீம் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கோயிலைச் சுத்துற மாதிரி வலமாவே சுத்துறாங்கடி. அந்தப் பக்கம் மடக்கினாப் போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் வாயைப் பிளந்துவிட்டார். பின்னே, அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே! நடக்கப் பழகியதிலிருந்து மலையை வலமாகவே சுற்றிய கால்கள். பயிற்சியில் துரத்துகிறவளும் வலம், ஓடுகிறவளும் வலம். அது யார் கண்ணில் படும்?

இனிமேல் இடப்பக்கமும் திரும்புங்கள் என்று டீச்சர் சொன்னதும் எங்கள் கேப்டன் பின்வாங்கினாள். அவள் அடி அண்ணாமலைக்காரி. வாசலை விட்டு இறங்கினால் கிரிவலப் பாதை. "எடமா சுத்தக் கூடாது டீச்சர். நான் மாட்டேன்."

"அடியே, அது சவுக்குக் கம்பம்டி!" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

துரத்தும் முறை வந்தபோது ஆவேசமாக ஆடி எப்படியோ முந்திவிட்டோம். கடைசியாக நாங்கள் ஓட வேண்டும். கேப்டன் வழக்கம்போல வலப்பக்கம் திரும்பினாள், அவுட். கூட ஓடியவளும் அவுட். மிச்சம் நான் மட்டும், முன்னிலையிலும் மிச்சம் ஒரே ஒரு பாயிண்ட். விசில் அடிக்கிறவரை தாக்குப்பிடித்தால் மெட்ராஸ். மாட்டினால் ஆட்டம் கையைவிட்டுப் போய்விடும், அதோடு என் விளையாட்டும் முடிந்தது.

கம்பத்தை நெருங்கிவிட்டேன். மனசு இடப்பக்கம் என்கிறது, பாழாய்ப்போன கால் வலப்பக்கம் இழுக்கிறது. அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து கேப்டனின் குரல், தொண்டை கிழிய.

"எடது பக்கம் ஓடுடீ! சாமி ஒண்ணும் கோச்சுக்காது!"

யார், அவளா சொல்கிறாள்! "அண்ணாமலையாரே, மன்னிச்சுக்கப்பா" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். துரத்தி வந்தவள் வலப்பக்கம் பாய்ந்து வெறும் காற்றைத் தட்டினாள். அப்புறம் ஒருமுறை வலம், ஒருமுறை இடம் என்று அவர்களைத் திண்டாட வைத்தேன். விசில் அடித்தது. கேப்டன் கன்னத்தில் போட்டுக்கொண்டே குதித்தாள். டீச்சர் என்னைத் தூக்கிக்கொண்டு அழுதே விட்டார்.

மெட்ராசில் முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வினோம். போகட்டும், யாருக்குக் கவலை? அன்று சாயங்காலம் கடலில் நனைந்து, உப்புத் தண்ணீரை நக்கிப் பார்த்து, ஓய்கிறவரை கூச்சல் போட்டோம். வீடு திரும்பியதும் திட்டு விழும் என்று பயந்துகொண்டே போனேன். அப்பாவோ, "கடல் எம்மாம் பெருசு இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் எந்தப் போட்டி என்றாலும் அவரே முன்னால் நின்று பஸ் ஏற்றிவிட்டார்.

படிப்பு கெட்டுவிடும் என்று யாராவது பிள்ளையை விளையாட்டுக்கோ சுற்றுலாவுக்கோ அனுப்ப யோசித்தால் இப்போதும் நான் சண்டைக்கே போய்விடுவேன். அன்றைக்கு நாங்கள் வேலூருக்குப் பஸ் ஏறாமல் இருந்திருந்தால், ஒரே பக்கமாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதே எங்களுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.