கதவுக்கு வெளியே ஓர் இருமல்

முட்டைக்கோஸை நான்காகப் பிளந்து உப்பில் புரட்டி வைப்பேன். அது துவண்டு தண்ணீர் விட்டதும் அலசிப் பிழிந்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி எல்லாவற்றையும் அரிசிமாவுக் கூழில் குழைத்து, இலை இலையாகத் தடவி ஜாடியில் அமுக்குவேன். கொரியாக்காரர்கள் இந்தக் கிம்ச்சிக்கு நீளமான வேறொரு கோஸை எடுக்கிறார்கள். எங்கள் தர்மபுரிச் சந்தையில் நான் அதைப் பார்த்ததில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து ஜாடியைத் திறந்தால் நுரை கட்டி ஒரு புளிப்பு வாசம் எழும்பும். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். எனக்கோ அந்த வாசத்துக்கே இன்னொரு கரண்டி சோறு இறங்கும்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. நாலு பேர் முன்னால் பேச வராது. சமையல் வரும். மனைவி வேலைக்குப் போகிறாள், அடுப்பு என்னுடையது. மகள் சென்னைப் பக்கம் ஒரு கொரியாக் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள்தான் என் போனில் அந்த நாட்டுச் சமையல் வீடியோக்களைக் காட்டிக் கொடுத்தாள். பாஷை புரியாது. கை செய்வது புரியும். அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் விதம் அதைவிடப் பிடித்துப்போனது. வயதில் பெரியவர் கரண்டியை எடுக்கும்வரை மற்றவர்கள் எடுப்பதில்லை. தன் டம்ளரைத் தானே நிரப்பிக்கொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவர் பார்த்து நிரப்புகிறார். பிரியம் கூடினால் ஒரு பச்சை இலையில் கறியும் சோறும் வைத்து மடித்து, அடுத்தவர் வாயில் திணித்துவிடுகிறார்கள்.

போன மாதம் மொரப்பூரில் ரயில் இறங்கி வீட்டுக்கு வந்த மகள் எனக்கும் அப்படி ஒன்று மடித்தாள்.

"வாயத் தொறப்பா. கடிக்கக் கூடாது, முழுசா உள்ள போவோணும்."

கன்னம் இரண்டும் புடைத்து நான் விழித்துக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: "உங்கப்பன் பேசாம இருக்கறதுக்கு இன்னைக்குத்தான் ஒரு காரணம் கெடச்சிருக்குது."

அன்று சாயங்காலம் மகள் இன்னொரு வீடியோ போட்டாள். ஒரு வீட்டில் செத்துப்போன பெரியவருக்குப் படைக்கிறார்கள். சோற்றுக் கிண்ணத்தில் கரண்டியை நிறுத்திவைத்து, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே அவர் வந்து சாப்பிடுவாராம். கொஞ்ச நேரம் போனதும் குடும்பத்தில் மூத்தவர் கதவருகே போய், உள்ளே இருப்பவருக்குத் தெரியட்டும் என்று தொண்டையைச் செருமி இருமினார். பிறகுதான் திறந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மகள் வீடியோவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. சித்தப்பா பொம்மிடிப் பக்கம் ஒரு பெண்ணைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரியப்பா சித்தியை வீட்டுக்குள் விட்டார், பேச்சில் விடவில்லை. சித்தி சமைத்த அன்றெல்லாம் அவருக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும்.

தாத்தாவுக்குப் படைக்கும் நாள் வந்தது. வீட்டுக்குக் கடைசியாக வந்த மருமகள்தான் அந்த வருஷப் படையலைச் சமைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு முறை. அதைப் பெரியப்பாவாலும் மாற்ற முடியாது. படையல் சோற்றை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சித்தி விடியற்காலையில் தலைக்குக் குளித்து நாட்டுக்கோழிக் குழம்பும் களியும் முட்டையும் செய்தாள். படைக்கிறதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. விரல் நுனியால்கூடக் கூடாது.

குழம்பை இறக்கியதும் சித்தி என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உப்புப் போட்டனா இல்லியான்னு நெனப்பே இல்லீங்க்கா."

"அட கடவுளே. நல்லா ரோசன பண்ணிப் பாரு."

"ரோசன பண்ணப் பண்ண, ரெண்டுவாட்டி போட்டுட்டனோன்னும் இருக்குதுங்க."

வாசற்படியில் விறகோடு நின்ற சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு விறகை இறக்கி வைத்தார்.

நடுவீட்டில் இலை போட்டு, குழம்புச் சட்டியையும் களிச் சட்டியையும் இலைக்கு முன்னால் வைத்தார்கள். கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வாசலுக்கு வந்தோம். தாத்தா வந்து சாப்பிடட்டும் என்று பெரியப்பா கதவைச் சாத்தினார். எனக்குத் தாத்தாவைப் பார்த்த ஞாபகம் கிடையாது. எப்படியாவது அன்றைக்குப் பார்த்துவிட வேண்டும் என்று கதவுப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

சமையலறைப் பக்கமிருந்து இருட்டில் ஒரு கை நீண்டது. கை மட்டும்தான் தெரிந்தது. குழம்பைத் தொட்டுவிட்டு மறைந்தது. திரும்பி வந்தபோது அதன் குவிந்த உள்ளங்கையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. சட்டியில் போட்டுக் கரண்டியால் கலக்கியது.

"தாத்தா வந்துட்டாரு!" என்று கத்தினேன். "கொழம்புல உப்புப் போடறாரு!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. பெரியப்பா என்னைப் பார்த்தார், வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், கடைசியில் சித்தியைப் பார்த்தார். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

மற்ற வருஷங்களில் பெரியப்பா கை தட்டிவிட்டுக் கதவைத் திறந்துவிடுவார். அன்று தட்டவில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு இருமினார். சின்ன இருமல் இல்லை, ஊர்க்கோடிக்குக் கேட்கும் இருமல். கொஞ்சம் நிறுத்தி, கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் இருமினார்.

"எங்கப்பனுக்கு எப்பவுமே உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தாழ்ப்பாளைச் சத்தம் வரும்படி இழுத்துத் திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை. சித்தப்பா பின்வாசலை ஒட்டிய கிணற்றுப் பக்கமிருந்து கையை வேட்டியில் துடைத்தபடி வந்து சேர்ந்தார்.

"எங்கடா போன?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேங்கண்ணா."

"குடிச்சிதா?"

"குடிச்சிதுங்க."

"செரி, ஒக்காரு."

பெரியப்பா களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். சித்தி கரண்டியைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றாள். அவர் இன்னொரு உருண்டை விழுங்கினார். பிறகு இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏம்மா, இன்னங் கொஞ்சம் கொழம்பு ஊத்து." சித்தி ஊற்றிய குழம்பு இலையைத் தாண்டித் தரையெல்லாம் ஓடியது. யாரும் திட்டவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

நான் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அந்தக் கையில ஒரு கறுப்புக் கயிறு..." என்று ஆரம்பித்தேன். அவர் கோழி ஈரலை எடுத்து என் வாயில் திணித்தார். எப்போதும் அவர் இலைக்குப் போகிற ஈரல் அது. மென்று முடித்து, "சித்தப்பா கையில இருக்கிற மாதிரியே..." என்றேன். முட்டை வந்தது. தாத்தாவை நேரில் பார்த்தவனுக்கு இந்த வீட்டில் எத்தனை மரியாதை என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கை தட்டுவதில்லை. பெரியப்பாவுக்குப் பிறகு அப்பா இருமினார், இப்போது அண்ணன் இருமுகிறார். அதுதான் முறை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கடல் தாண்டி ஒரு நாட்டிலும் அதுதான் முறை என்று தெரிந்ததும் மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரே கவலைதான். சாப்பிட்டு முடித்ததும் சித்தியிடம் ஓடி, பெரியப்பாவுக்கு இருமல் அதிகமாக இருக்கிறது என்று சொன்னேன். சித்தி சுக்கும் மிளகும் தட்டிக் கொதிக்கவைத்து ஒரு சொம்பு நிறையக் கொண்டுபோய் நீட்டினாள். கதவைத் திறந்த பிறகு அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. இருந்தும் பெரியப்பா சொம்பை வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார். சித்தி ஏன் சிரித்துக்கொண்டே அழுதாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. கஷாயம் அவ்வளவு காரமோ என்று நினைத்துக்கொண்டேன்.