தரங்கம்பாடியில் தனியாளுக்கு அறை

காலை ஆறரை மணிக்குத் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டி ஏறினேன். மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. விழுப்புரம் ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீட்டர். அங்கே வண்டி மாறிச் சிதம்பரம், மறுபடி மாறிச் சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி.

இது தை மாதத்தில் நானும் என் மனைவி மங்கையும் போவதாக இருந்த பயணம். கடலைப் பார்த்த சன்னலுள்ள அறையில் ஓரிரவு தங்கி, விடியலைப் படுக்கையிலிருந்தே பார்க்க வேண்டும் என்பது அவள் விருப்பம். விடுதியைத் தேர்ந்தவளும் அவளே. கார்த்திகையில் அவள் காலமானாள். அறைப் பதிவை நான் ரத்து செய்யவில்லை.

பக்கத்து இருக்கையில் கீழ்பென்னாத்தூர் அம்மாள் ஒருவர், மடியில் கத்தரிக்காய்ப் பையுடன்.

"கடல் பாக்கவா போறீங்க? நம்ம ஊர் ஏரி ரொம்பிக் கெடக்குது, அது பத்தாதா?" என்று சிரித்தார். "சம்சாரத்த இட்டுனு வரலியா?"

"வரலீங்க" என்றேன்.

"நல்ல ஆளுங்க நீங்க! வூட்டுல வுட்டுட்டு நீங்க மட்டும் ஜாலியா."

செஞ்சியில் அவர் இறங்கும்வரை நான் திருத்தவில்லை.

நண்பகல் தாண்டி இறங்கினேன். பழைய டேனிஷ் நகர வாயிலைக் கடந்தால் நேரான வீதி. அதன் முடிவில் கடல். விடுதிக்கு ஆட்டோ அறுபது ரூபாய். அறை வாடகை ஆயிரத்து எண்ணூறு, முன்னதாகவே செலுத்தியிருந்தேன்.

விடுதி மேலாளர் ஏழுமலைக்கு ஐம்பது வயதிருக்கும். என் ஆதார் அட்டையில் திருவண்ணாமலை மாவட்ட முகவரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வேங்கிக்காலா சார்? நமக்குப் போளூருங்க. இங்க வந்து பத்து வருஷம் ஆவுது." பிறகு கணினியைப் பார்த்தார். "ரெண்டு பேருனு இருக்குதே. அம்மா பின்னாடி வராங்களா?"

"இல்ல. தவறிட்டாங்க."

அட்டையை என் பக்கம் மெல்லத் தள்ளினார். "மன்னிச்சுக்குங்க சார். தனியாளுக்கு எங்க லாட்ஜுல ரூம் தர்றதில்ல."

"பணம் கட்டியிருக்கேனே."

"துட்டுக்கு இல்லீங்க. போன வருஷம் ஒருத்தர் வந்தாரு. உங்க வயசுதான், ரொம்ப மரியாதப்பட்டவரு. காலைல காபி எடுத்துனு போயி கதவத் தட்டுனது நான்தான். பதில் வரல."

"நான் சூரிய உதயம் பாக்க வந்தேன்."

"அவரும் அதத்தான் சார் சொன்னாரு."

அட்டையை எடுக்காமல் அங்கேயே நின்றேன். அந்த அறை கிடைக்காவிட்டால் மாலை வண்டியில் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை; மங்கை கேட்ட ஒரே விடியல் கைவிட்டுப் போகும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"வீட்ல யாருகிட்டயாவது பேசணும்" என்றார். பெங்களூரில் இருக்கும் மகள் தேன்மொழியின் எண்ணைக் கொடுத்தேன். நான் கிளம்பியதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஏழுமலை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார். அது அவளுக்குத் தெரியாது.

"தரங்கம்பாடியா? தனியாவா?" என்றாள். "அம்மா ஆசப்பட்ட எடம்ங்க அது. ரூம் குடுத்துடுங்க. ஆனா உள்ள தாப்பா போட வேணாம்னு சொல்லுங்க. அப்பப்ப கதவத் தட்டிப் பாத்துக்கறீங்களாண்ணா? பதில் வர்ற வரைக்கும் தட்டுங்க."

மங்கை போனதிலிருந்து தேன்மொழி நாள்தோறும் அழைத்து, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பாள். அந்தக் கேள்விக்குள் இருந்தது என்ன என்பதை முன்னறை மேசையருகே நின்றபடி அறிந்தேன்.

மாலையில் ஊரைப் பார்த்தேன். டேனிஷ் கோட்டை கடலுக்கு மிக அருகில் நிற்கிறது. மேல்தளத்துக் காற்றுக்காகவே போகலாம். சற்று வடக்கே மாசிலாமணி நாதர் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலை அந்தக் கற்களில் மோதும் சத்தம் கருவறை வரை கேட்கிறது.

மணலில் அமர்ந்தேன். சிறிது தள்ளி ஏழுமலை சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு வேலை இல்லையா?"

"இதான் சார் வேலை. சுண்டல் வேணுமா? உப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

வாங்கிக்கொண்டேன். உப்பு அதிகம்தான்.

இரவில் கதவு தட்டப்படும்போதெல்லாம் "சார்?" என்றொரு குரல். "இருக்கேன்" என்பேன். செருப்பொலி விலகும். முதலிரண்டு முறை அவமானமாக இருந்தது. பிறகு அடுத்த தட்டலுக்குக் காத்திருந்தேன்.

விடியல், மங்கை எண்ணிய அளவுக்கு இல்லை என்றே எழுத வேண்டியிருக்கிறது. கீழ்வானில் மேகம். சூரியன் தோன்றியபோது ஏற்கெனவே உயரத்தில் இருந்தது, வெளுத்து. படுக்கையின் இடப்பக்கத்தில் படுத்து அதைப் பார்த்தேன்; சன்னல் அந்தப் பக்கம்; அவள் அங்கேதான் படுத்திருப்பாள். காபியோடு ஏழுமலை வந்தார். என் குரல் கேட்டும் உள்ளே எட்டிப் பார்த்து, "அப்பாடா" என்றார்.

தனியாகப் போகிறவர்கள் விடுதியில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

மாலையில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தேன். எங்கள் ஊரில் இத்தகைய தடை கிடையாது. ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் எந்த நாட்டிலிருந்தும், எந்த வயதிலும், எவரும் தனியாக வந்து மாதக்கணக்கில் தங்கலாம். ஏன் தனியே வந்தீர்கள் என்று கேட்பது இங்கே நாகரிகமில்லை. அதை ஊரின் பெருந்தன்மை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அறையைக் கேட்டதும் கொடுத்துவிடுகிறோம். அதன்பின் அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை. வேங்கிக்காலில் என் வீட்டுக் கதவையும் சேர்த்தே சொல்கிறேன்.