வெள்ளித்தாள் சுற்றிய பியூஸ்

எழுபதுகளில் நாங்கள் சிட்னியில், லிட்கமில் குடியேறிய முதல் குளிர்காலம் அது. ஊரில் ஓயாமல் கிற்றார் வாசித்த என் மனைவி இங்கே வந்தபின் பேசுவதைக்கூடக் குறைத்திருந்தாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, தன் கிற்றாரையும் பழைய வால்வு அம்பிளிபயரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு பிற்பகல் அவள் வாசித்தாள். பாதிப் பாட்டில் அம்பிளிபயர் அணைந்துவிட்டது. அதன் பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் பியூஸ் எரிந்திருந்தது. இறக்குமதித் தடையால் ஊரில் பியூஸ் கிடைப்பதில்லை. அங்கே பழகிய கை, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்து எரிந்த பியூஸில் சுற்றியது.

"இஞ்சேருங்கோ, இது இரவல் சாமான். எரிஞ்சு போச்செண்டா என்ன செய்யிறது?" என்றாள் மனைவி.

"ஒண்டும் ஆகாது" என்று நிமிர்ந்தால், வாசலில் அவரே நிற்கிறார். பாட்டு நின்றதைக் கேட்டு வந்திருக்கிறார். எனக்குக் கூசிப்போயிற்று.

அவர் கோபிக்கவில்லை. யுத்த காலத்தில் தன் ஊரான இத்தாலியில் தாங்களும் இப்படித்தான் சுற்றியதாக உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் புதுப் பியூஸ் எடுத்துவந்து மாட்டினார்.

வால்வுகள் மெல்ல மெல்லச் சிவந்தன. அறைக்குள் அந்திவெயில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

கேட்டுக்கொண்டே அவர் அந்தக் கசங்கிய வெள்ளித்தாளை நகத்தால் நீவினார். மடித்து, பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவரை வெள்ளைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.