ஜெயந்தி வீட்டுக் கடல்

அந்தச் சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஜெயந்தியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். பேசியது அவருடைய மகள் நிவேதா. "ஆன்ட்டி, மம்மி போயிந்தி" என்றாள். நிவேதாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். ஆனால் வாயைத் திறந்தால் தெலுங்குதான் வரும். நான், "எங்க போயிருக்காங்க? ஃபோனை வீட்லயே விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன்.  பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அவள் தமிழில் சொன்னாள். "அம்மா செத்துட்டாங்க ஆன்ட்டி." கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை அதை இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் காது கூசுகிறது.

நம் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருப்போம். வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டவர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள்.

ஜெயந்திக்கு நாற்பத்தேழு வயது. மல்காஜ்கிரியில் வீடு. நான்கு தலைமுறைக்கு முன் செகந்திராபாத் வந்த குடும்பம். தமிழுக்கு நடுவே, வேண்டாம் என்பதற்கு நக்கோவும் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் தாராளமாக விழும். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில், உலோகத்துக்கு முலாம் பூசும் தொட்டிகளைச் சோதிக்கும் வேலை. பகல் முழுக்க விஷத் தண்ணீரை அளந்துவிட்டு வந்து, குளித்து, முழங்கை வரை சோப்புப் போட்டு இன்னொரு தரம் கழுவிய பிறகுதான் வீட்டுத் தொட்டியின் பக்கம் போவார். "அங்க உயிரே இருக்கக் கூடாது. இங்க ஒரு உயிர்கூடப் போகக் கூடாது. ரெண்டுக்கும் அளக்கறது ஒண்ணுதான்" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன், கடல்மீன் தொட்டிக்கான உப்பு விற்கும் கடையில் வைத்து அவரைச் சந்தித்தேன். திருமுல்கேரியில் என் வீட்டுத் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. கடைக்காரரிடம் நான் புலம்பியதைக் கேட்டவர், மறுநாளே சோதனைக் குப்பிகளோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அவசரத்தில் நான் ஏதோ மருந்தைக் கலக்கப் போனேன். "நக்கோ, நக்கோ. முதல்ல அளப்போம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அளந்து பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தரம் தீனி போடுகிறேன் என்று கேட்டார். நான்கு தரம் என்றேன். பாவம், அதுகளுக்கும் பசிக்குமே என்றேன். "மீன் சாப்பிடறது கொஞ்சம்தான். மிச்சத்தைத் தண்ணி சாப்பிடுது. அப்புறம் அந்தத் தண்ணியை மீன் குடிக்குது" என்றார். பேச்சுவாக்கில் என் ஊர் தூத்துக்குடி என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அதுவரை கடலைப் பார்த்ததே மூன்று தடவைதானாம். "உங்களுக்குக் கடல் சும்மாவே கிடைச்சுது. எனக்கு உப்பை அளந்து கலக்கித்தான் ஆகணும்" என்றார்.

அவர் கோபக்காரர் என்பதும் உங்களுக்குத் தெரியும். சின்னத் தொட்டிக்குள் பெரிய மீனை வாங்கி விட்டதற்காக நம் ரவியை எல்லார் முன்னாலும் அவர் வாங்கிய வாங்கு யாருக்கும் மறந்திருக்காது. "உங்களைக் கொண்டுபோய் லிஃப்ட்டுக்குள்ள குடி வைக்கட்டுமா?" என்று கேட்டார். ரவி இரண்டு மாதம் குழுவில் வாய் திறக்கவில்லை. ஆனால் தன் தப்பையும் அவர் மறைத்ததில்லை. வீட்டில் கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்க ஆள் வந்த அன்று, தொட்டியை மூட மறந்துவிட்டார். அவருக்கு மிகவும் பிடித்த இரண்டு இறால்களும் செத்துப்போயின. எத்தனை மணிக்கு அடித்தார்கள், ஜன்னல் திறந்திருந்ததா, எப்போது கவனித்தேன் என்று வரிவரியாகக் குழுவில் எழுதி, கடைசியில் "தப்பு என்னோடது" என்று முடித்திருந்தார். ஆறுதல் சொன்னவர்களுக்கு, "ஆறுதல் நக்கோ. உங்க வீட்ல மூடுங்க" என்று பதில்.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலை டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சாய்ந்திருக்கிறார். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். மருத்துவமனை வாசலைத் தாண்டியது கூட அவருக்குத் தெரிந்திருக்காது என்றார்கள். "ரெண்டு நாளா தலைவலின்னு சொன்னா. வெயில்னு நெனச்சோம்" என்று அவர் கணவர் சேகர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தரமும் முதல் தரம் சொல்வதைப் போலவே சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. மும்பையிலிருந்து ஜெயந்தியின் அண்ணன் வர வேண்டும், மறுநாள் காலையில்தான் எடுப்பார்கள் என்று உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஹாலில் நடுவே பெட்டி. ஊதுபத்திப் புகை. கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் பார்த்தேன். சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். என் தலைக்கு மேலேதான் தொட்டி இருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அழுகைச் சத்தத்துக்கு நடுவே சேகர் திடீரென்று தலையைத் தூக்கினார். "வீடு ஏன் இப்படி இருக்கு? சத்தமே இல்லயே" என்றார். இருபது பேர் அழுதுகொண்டிருந்த அறை அது. பித்துப் பிடித்துவிட்டதோ என்று சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நிவேதா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டியின் மோட்டார் ஓடவில்லை. ஏழு வருடங்களாக அந்த வீட்டில் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. பெட்டியைக் கொண்டுவந்த ஆட்கள், ஹாலில் கைக்கு எட்டிய பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் வயரைச் செருகியிருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு. மூன்று மணி நேரமாகத் தண்ணீர் அசையவே இல்லை.

எழுந்து பார்த்தேன். மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செத்தவர் வீட்டில் மீனைப் பற்றி எப்படிப் பேசுவது?  நிவேதா சமையலறைக்குப் போய் இரண்டு ஜக்குகளைக் கொண்டுவந்தாள். ஒன்றை என் கையில் கொடுத்தாள். தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினோம். காற்று கலக்க அப்போதைக்கு வேறு வழியில்லை. இரண்டடி தள்ளி ஜெயந்தி கிடந்தார். நாங்கள் இருவரும் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

"என்னம்மா இது? பெத்தவ கிடக்கறா, தண்ணில வெளயாடிட்டிருக்கே!" என்று சேகரின் அத்தை அதட்டினார்.

"விடுங்க அத்தை" என்றார் சேகர். "அது அவளோடது."

எதிர்வீட்டுக்காரர் நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டுவர அரை மணி நேரம் ஆனது. மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியதும் சேகர் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சத்தமாக அழுதார். அதுவரை அவர் அழவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

ஞாயிறு காலை உடலை எடுத்ததும் நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பதினொரு மணிக்குத் திரும்பி வந்தேன். ஹால் தரை வெள்ளையாகப் பூத்திருந்தது. நடந்தால் கால் ஒட்டியது. கழுவிவிட வேண்டும் என்று பெண்கள் தண்ணீர் தேடியிருக்கிறார்கள், குழாயில் வரவில்லை, பால்கனியில் மூடி போட்ட டிரம் நிறையத் தண்ணீர் இருந்திருக்கிறது. ஜெயந்தி அந்த வாரம் மாற்றுவதற்காக வடிகட்டி, உப்பு கலந்து, மோட்டார் போட்டுச் சுற்றவிட்டு வைத்திருந்த தண்ணீர். "எவ்ளோ கழுவினாலும் பிசுபிசுன்னே இருக்கும்மா. என்ன தண்ணி இது?" என்று அத்தை என்னிடம் கேட்டார். கடல் தண்ணீர் என்று சொன்னேன். அவர் தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

தொட்டியில் ஒரு மஞ்சள் மீன் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. எப்போது செத்ததோ. அதை எடுத்துப் போட்டுவிட்டு நிவேதா அம்மோனியா பார்த்தாள். மஞ்சளாக இருக்க வேண்டிய குப்பி பச்சையாக மாறியது. தண்ணீரை மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கு வைத்திருந்த தண்ணீர் தரையில் காய்ந்துகொண்டிருந்தது. புதிதாக வடிகட்டிக் கலக்கினால் மறுநாள்தான் ஆகும். நான் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன்.

மீதி உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் வந்தீர்கள். நகரத்தின் வேறு வேறு மூலைகளான உப்பலிலிருந்தும் கொம்பல்லியிலிருந்தும் ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர்க் கேன்களை வைத்துக்கொண்டு வந்தீர்கள். ரவி தன் தொட்டிக்கு வைத்திருந்ததை முழுக்கக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, யார் கண்ணையும் பார்க்காமல் மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினார். சாவு வீட்டு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் கேன்கள் வரிசையாக நின்றன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

நிவேதா ஒரு கேனைக்கூட அப்படியே ஊற்ற விடவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து, உப்பு அளக்கும் கருவியில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ரவியுடையது சரி. உப்பல்காரருடையது சரி. என் கேனுக்கு வந்தபோது இரண்டு தரம் பார்த்தாள். "ஆன்ட்டி, மீதி எக்குவ உந்தி" என்றாள். உங்களுடையது அதிகம் என்கிறாள்; என் தண்ணீரில் மட்டும் உப்பு கூடுதல். தாயைத் தகனத்துக்கு அனுப்பிவிட்டு நான்கு மணி நேரம்கூட ஆகாத பெண், நல்ல தண்ணீர் சேர்த்து அதைச் சரிசெய்து, மறுபடி அளந்த பிறகுதான் ஊற்றினாள். நான் பக்கத்தில் சும்மா நின்றேன்.

இப்போது ஆறு வாரங்கள் ஆகின்றன. தொட்டி அதே ஹாலில்தான் இருக்கிறது. மஞ்சள் மீனோடு இரண்டு பவளங்களும் போயின. மற்றவை பிழைத்துக்கொண்டன. யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று சேகர் ஒரு தடவை கேட்டாராம். நிவேதா, "நக்கோ டாடி" என்று சொல்லிவிட்டாள்.

உங்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெயந்தி எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "உங்க நைட்ரேட் எவ்ளோ இருக்கு?" தண்ணீரில் சேரும் அந்தக் கழிவை நான் மூன்று வாரமாக அளக்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே என்று, அளக்காமலே "பத்து" என்று பதில் போட்டேன். "சபாஷ்" என்று எழுதினார். எங்கள் இருவருக்கும் நடுவே கடைசியாக நடந்த பேச்சு அதுதான். ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் அளந்தேன். நாற்பது, சொன்னதைப் போல நான்கு மடங்கு. அந்த எண்ணை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றேன். 

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒன்றே ஒன்று. இப்போது உங்களில் யாராவது தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இன்னும் பார்க்கலை" என்று சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட்டு, குப்பிகளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன்.