டியூஷன் சாருக்கு ஆறு தட்டு

இன்னைக்கு நெரவி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? எட்டாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்த சார்!

‘ரெஸ்பான்சிபிலிட்டி’ வாயில் வரவில்லை என்று என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி, எல்லாரும் சிரிக்கச் சிரிக்கத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தவர். அந்தக் கோபத்தில்தான் நீள வார்த்தைகளை அசைக்கு ஒரு தட்டாகக் கைதட்டிப் பிரிக்கவும் அர்த்தம் பிடிக்கவும், போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டேன்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார்.

"கண்ணாடிய மறந்துட்டேன்மா. வீட்டம்மாவுக்கு என்ன ஆபரேஷன்னு போட்டுருக்கு?"

கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது! வார்த்தைதான் வாயில் வரவில்லை.

"கோ-லி-சிஸ்-டெக்-ட-மி. ஆறு தட்டு. கைதட்டிச் சொல்லுங்க சார்."

நாலாவது தட்டில் மாட்டிக்கொண்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"மறுபடி முதல்லேர்ந்து," என்றேன். மூன்று முறை.

பிறகுதான் அர்த்தம் சொன்னேன். "கோலின்னா பித்தம், சிஸ்ட்டுன்னா பை, எக்டமின்னா வெட்டி எடுக்குறது. பித்தப்பைய எடுக்கப் போறாங்க சார்."

"அருமையா பிரிக்கிறியேம்மா! எங்க படிச்ச?"

"உங்க டியூஷன்லதான் சார். பெஞ்சு மேல நின்னுக்கிட்டு."

நெரவி வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

‘சார் பாவம்’னு கமெண்ட் போட வர்றவங்க, முதல்ல பெஞ்சு மேல ஏறி நின்னுட்டு டைப் பண்ணுங்க.